சாலையைப் படிப்பவர்களுக்கு வேலை உண்டு

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 உயிர். இந்த எண்ணைக் குறைப்பது போலீஸ் வேலை, டிரைவர்கள் திருந்தினால் சரியாகிவிடும் என்றுதான் பொதுவாகப் பேசிக்கொள்கிறோம். அது பொறியாளர் வேலையும்தான். மாதச் சம்பளம் தந்து ஆள் எடுக்கிறார்கள். அனுபவம் உள்ள ஆளுக்கு நிறுவனங்கள் அலைகின்றன. சிவில் முடித்துவிட்டு “கட்டடமா, ஐ.டி.யா” என்று இரண்டே கதவுகளைப் பார்த்து நிற்பவர்களுக்காகவும், சிவில் படிக்காமலே இந்தத் துறைக்குள் வரக்கூடியவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

போக்குவரத்துப் பொறியியல், போக்குவரத்துத் திட்டமிடல், சாலைப் பாதுகாப்பு என்று மூன்று பெயர்கள் இருந்தாலும் வேலையில் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. எந்தக் கதவு திறக்கிறதோ அதில் நுழையுங்கள். நுழைந்தபின் பாதுகாப்பை நோக்கி நகருங்கள். என் யோசனை இதுதான். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எண்ணுவதில் தொடங்கும் வேலை

ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டும் என்றால் முதலில் ஒரு கன்சல்டன்சி நிறுவனம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும். துறையில் எல்லோரும் டி.பி.ஆர். என்பார்கள். அதன் முதல் வேலை வண்டிகளை எண்ணுவது. ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரமும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். பைக் தனி, கார் தனி, பஸ் தனி, இரண்டு அச்சு லாரி தனி, டிராக்டர் தனி. கூடவே எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று வண்டிகளை நிறுத்திக் கேட்கும் சர்வே, லாரிகளின் அச்சுப் பாரத்தை எடை போடும் சர்வே. நிறுத்துவதற்குப் போலீஸ் துணை வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்துக்கு அலைவதும் உங்கள் வேலைதான்.

புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் இந்த சர்வே மேற்பார்வைதான் கிடைக்கும். “இதற்கா பி.இ. படித்தேன்” என்று மூன்றாம் மாதமே விலகிவிடுபவர்கள் நிறைய. விலகாதீர்கள். டோல்கேட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் தினக்கூலிக்கு உட்கார்ந்து நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டிருப்பவரின் தாளை விடியற்காலை மூன்று மணிக்கு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மாதிரி எண்கள் இருந்தால் அவர் தூங்கி எழுந்து நிரப்பியிருக்கிறார் என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல டிராஃபிக் இன்ஜினீயர் ஆகிறார். இப்போது கேமரா வைத்து மென்பொருள் எண்ணுகிறது. அதுவும் ஷேர் ஆட்டோவை வேன் என்று எண்ணிவிட்டால் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும்.

எண்ணிய வண்டிகளை ஒரே அலகுக்குக் கொண்டுவர இந்தியச் சாலை காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கார் 1, பைக் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, மாட்டு வண்டி 8. கிராமப்புறச் சாலைகளுக்கான இந்த அட்டவணையில் நடந்து போகிறவருக்கு எண் கிடையாது. அவரைத் தனியாக எண்ண வேண்டும். அவசரத் திட்டங்களில் விட்டுப்போவது அந்தக் கணக்குதான். சர்வேயில் இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் “பள்ளிக்கூட வாசலில் காலை எட்டரை மணிக்கு எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்று சொன்னால், அந்தத் திட்ட அறிக்கையின் தரமே மாறிவிடும்.

மேசையும் சைட்டும்

அடுத்த படி வடிவமைப்பு. சாலையின் வளைவு, ஏற்ற இறக்கம், சந்திப்பு, வடிகால் எல்லாம் சிவில் 3டி, ஓபன்ரோட்ஸ் போன்ற மென்பொருள்களில் வரையப்படுகின்றன. தார்ச்சாலையின் அடுக்குக் கனத்தைக் கணக்கிட ஐ.ஆர்.சி. 37ஆம் எண் வழிகாட்டியோடு ஐஐடிபேவ் என்ற மென்பொருள் சேர்ந்தே வருகிறது. மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்க்கத்தான் நாளாகும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்பதற்கு ஐ.ஆர்.சி. கேட்கும் பார்வைத் தூரம் 180 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர். வளைவில் யூ-டர்ன் வைத்து, நடுத்தடுப்பில் அரளிச் செடியும் வளர்ந்துவிட்டால் அந்த 180 மீட்டர் தாளில் மட்டுமே இருக்கும். சிக்னல் கணக்கும் அப்படித்தான். நடப்பவர் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தால் 21 மீட்டர் சாலையைக் கடக்கப் பதினேழரை வினாடி. காய்கறிப் பையோடு மெதுவாக நடக்கும் பாட்டிக்கு வினாடிக்கு 0.8 மீட்டர் என்றால் 26 வினாடி ஆகும். அந்த எட்டரை வினாடியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது நீங்கள்.

சைட் வேலையில் இரண்டு பக்கம் உண்டு. கான்ட்ராக்டர் பக்கம் வேலையை முடிப்பது. அத்தாரிட்டி இன்ஜினீயர் பக்கம் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது. இரண்டிலும் இரண்டு ஆண்டாவது இருந்துவிட்டு வந்தால் பிற்காலத்தில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒன்று மட்டும்: சாலைப் பணி நடக்கும் இடத்தில் எத்தனை மீட்டர் முன்னால் பலகை, எப்படி டைவர்ஷன் என்று ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 தெளிவாகச் சொல்கிறது. தார் டிரம்மும் மணல் மூட்டையும் போதும் என்று நினைக்கும் சைட்டில், அந்தப் புத்தகத்தோடு நிற்கிற ஆளாக இருங்கள். திட்டுவார்கள். பரவாயில்லை.

பாதுகாப்புத் தணிக்கையாளர்

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். விபத்து நடந்ததும் போடப்படும் முதல் தகவல் அறிக்கையில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்ற வரி இருக்கும். போலீஸ் பார்வையில் அங்கே வழக்குக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிடுகிறார். பாதுகாப்புப் பொறியாளரின் கேள்வி வேறு: ஒரே இடத்தில், ஒரே மாதிரி, மூன்று வருடத்தில் எட்டு பேர் எப்படி அஜாக்கிரதையாக இருந்தார்கள்? தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ உள்ள ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நடந்திருந்தால் அது பிளாக் ஸ்பாட். பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்காமல், வரைபடமாக இருக்கும்போதே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை. இதற்கான கையேடு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 88. முதற்கட்ட வடிவமைப்பு, விரிவான வடிவமைப்பு, கட்டுமானம், திறப்பதற்கு முன், பயன்பாட்டில் இருக்கும் சாலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் தணிக்கை செய்யலாம். சாலையை வடிவமைத்தவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது.

நெடுஞ்சாலையோரக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் வீடுகள், மறுபுறம் வயலும் ரேஷன் கடையும். நடுத்தடுப்பை யாரோ கடப்பாரையால் உடைத்து ஒரு பைக் நுழையும் அளவுக்கு வழி செய்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பார்ப்பவர் “ஜனங்களுக்குப் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். தணிக்கையாளர் அடுத்த யூ-டர்ன் எவ்வளவு தூரம் என்று ஓடோமீட்டரில் பார்ப்பார். இரண்டு கிலோமீட்டர். நடுவில் சுரங்கப்பாதை இருக்கிறது. மழைக்குத் தண்ணீர் தேங்கும், விளக்கு இல்லை. சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடுகிறது. அப்புறம் எதிர்த்திசையில் பைக் வராமல் என்ன செய்யும்? உடைப்பை அடைத்தால் பத்து நாளில் வேறு இடத்தில் உடைப்பார்கள். சுரங்கப்பாதைக்கு விளக்கும் வடிகாலும், சர்வீஸ் ரோட்டைத் தொடர்ச்சியாக்குவதும், பஸ் நிறுத்தத்தை மாற்றுவதும்தான் தீர்வு. அதை இடம், ஆபத்தின் அளவு, பரிந்துரை என்று போட்டோவோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கிறார்களா, மறுத்தால் என்ன காரணம் என்று சாலைக்குப் பொறுப்பானவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

பகலில் பார்த்த சாலையை இரவிலும் பார்க்க வேண்டும். மினுங்கும் சட்டை போட்டுக்கொண்டு, டார்ச்சோடு. பகலில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைக் கோடு இரவில் காணாமல் போயிருக்கும். வேகப் பலகையின் மேல் புளியமரக் கிளை. ஊர்ப் பெயர்ப் பலகைக் கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸ். மோதலைத் தாங்க வைத்த இரும்புத் தடுப்பின் முனையே வண்டிக்குள் பாயும் ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் காரில் உட்கார்ந்து பார்க்க முடியாது, நடக்க வேண்டும்.

இந்த வேலைக்குத் தேவை கூடியதற்குப் பின்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் முதல் தணிக்கைவரை மாநிலங்களுக்குக் கட்டளையாகவே சொன்னது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரத்தை மீறிய வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ மரணம், ஊனம் நேர்ந்தால் பொறுப்பான அமைப்பு, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் மீது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மரணத்துக்கு ஒரு லட்சம் மிகக் குறைவு என்பது என் கருத்து. ஆனாலும் பொறியாளர் பெயர் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களின் கன்சல்டன்சி குழுக்களில் சாலைப் பாதுகாப்பு நிபுணர் என்று தனிப் பதவியே கேட்கிறார்கள். அதற்கு சிவில் பட்டம், பல வருட அனுபவம், அதோடு நொய்டாவில் உள்ள இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர் அகாடமி போன்ற இடங்களில் பதினைந்து நாள் தணிக்கையாளர் சான்றிதழ்ப் பயிற்சி. எனவே இன்று நுழைபவர் உடனே தணிக்கையாளர் ஆகிவிட முடியாது. வடிவமைப்பிலோ சைட்டிலோ இருந்துகொண்டே, ஒரு தணிக்கைக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்து அறிக்கை எழுதப் பழகுங்கள். அறிக்கையை நன்றாக எழுதுபவர் சீக்கிரம் மேலே வருகிறார். இந்தத் துறையில் எழுத்து அவ்வளவு முக்கியம்.

அரசு வேலை

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் பதவி. தமிழ்த் தகுதித் தாளில் தேறினால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் துணை மேலாளர் பதவிக்கு கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கிறது. யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு வழியாக மத்திய சாலைப் பணிக்குப் போகலாம். உதவிப் பொறியாளராகச் சேர்பவர்கள், வாய்ப்பு வரும்போது கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்திலோ, திட்டம் மற்றும் வடிவமைப்புப் பிரிவிலோ சில வருடம் வேலை பார்ப்பது நல்லது. வேலையை அளந்து எழுதும் எம்.பி. புக்கும் பில்லுமாகவே காலம் போய்விடக் கூடாது.

பஸ், மெட்ரோ, நகரம்

திட்டமிடல் வேலைக்கு சிவில் பட்டம் கட்டாயமில்லை. கட்டடக்கலை, நகரமைப்பு, புவியியல், பொருளாதாரம், புள்ளியியல் படித்தவர்கள் இங்கே நன்றாகவே வருகிறார்கள். சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட 2010 சட்டத்தின் கீழ் அமைந்தது ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அந்த நிலையங்களில் இறங்குபவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பதே ஒரு பெரிய வேலை: நடைபாதை, இணைப்பு பஸ், ஆட்டோ நிறுத்தம், சைக்கிள். சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றது. பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை 2019இல் வந்தது. நகரப் போக்குவரத்தில் பணிபுரியும் ஐ.டி.டி.பி., டபிள்யூ.ஆர்.ஐ. போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட வேலைகளுக்கு இளைஞர்களை எடுக்கின்றன.

பலரும் கவனிக்காத இடம் பஸ் திட்டமிடல். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அவர்களுக்கும் டிக்கெட் கொடுப்பதால், எந்த ஊரில் எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது. அதை வைத்து வழித்தடத்தை மாற்ற ஆள் வேண்டும். 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பஸ்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் தரப்படுகிறது. எத்தனை மணிக்கு எந்தப் பஸ் சார்ஜ் ஏற வேண்டும், டிரைவர் டூட்டி எப்படி அமைய வேண்டும் என்பது நல்ல கணிதப் பிரச்சினை. கணிதம் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேறு படிப்புக்காரர்கள் இன்னும் உண்டு. ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்களுக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் பதவி. ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரிலும், சென்னையைச் சுற்றியுள்ள கார் ஆலைகளிலும் மோதல் சோதனைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் கார்களின் மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் பாரத் என்-கேப் வந்தபின் இந்த வேலைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. இ.சி.இ., இ.இ.இ. படித்தவர்களுக்கு மெட்ரோ சிக்னலிங். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு விபத்துத் தரவு: சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலியில் போலீசார் விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரம் பதிகிறார்கள். 2021இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பைத்தானும் கியூ-ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் தெரிந்து, எஃப்.ஐ.ஆர். தமிழையும் படித்துப் புரிந்துகொள்பவர் இங்கே அரிய ஆள்.

மேற்படிப்பு

சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. மூன்றிலும் போக்குவரத்துப் பொறியியல் முதுநிலைப் படிப்பு உண்டு. திட்டமிடலுக்கு டெல்லியின் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், அகமதாபாத்தின் செப்ட். சைட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு எம்.டெக். போவதே நல்லது, அப்போதுதான் வகுப்பில் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

நேர்முகத்துக்குப் போகும் முன்

கோர்ஸ் சான்றிதழ்களைவிட ஒரு சிறிய கோப்பு உங்களைத் தனியாகக் காட்டும். உங்கள் ஊரில் ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போனில் வீடியோ எடுத்து, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்புகிறது என்று எண்ணுங்கள். நடப்பவர்களை வயது வாரியாக எண்ணுங்கள். யார் யார் மோதலில் இருந்து நூலிழையில் தப்புகிறார்கள், எந்த இடத்தில் என்று குறியுங்கள். கியூ-ஜிஐஎஸ்ஸில் வரையுங்கள், சூமோ என்ற இலவச மென்பொருளில் சிக்னல் நேரத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு செலவில்லாத மாற்றம் ஒன்று, சிறு செலவில் ஒன்று, பெரிய செலவில் ஒன்று எழுதுங்கள். ஆறு பக்கம் போதும். ஐ.ஆர்.சி. எண்களைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தால் எதிரில் இருப்பவர் அதைப் புரட்டாமல் விடமாட்டார்.

கன்சல்டன்சி வேலை ஒரு திட்டத்தோடு கட்டப்பட்டது. திட்டம் எப்போது முடியும், அடுத்ததுவரை சம்பளம் உண்டா, பி.எஃப்., விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பெண்கள், சைட் ஆபீஸில் கழிப்பறையும் இரவு சர்வேக்கு வண்டியும் உண்டா என்று தயங்காமல் கேட்க வேண்டும். இல்லை என்று சொல்லும் நிறுவனம் தன் பணியாளர் பாதுகாப்பையே யோசிக்கவில்லை. டெண்டருக்காக உங்கள் விவரக்குறிப்பில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த வேலைக்கு நிஜமாகவே போகப்போவதில்லை என்றால் போடாதீர்கள். அனுபவத்தைக் கூட்டி எழுதவும் விடாதீர்கள். பொய் விவரம் பிடிபட்டால் நெடுஞ்சாலைத் திட்டங்களில் வேலை செய்யத் தடை விழும், அது உங்கள் பெயரில் விழும். கடைசியாக, டீம் லீடர் தளத்தில் இருப்பாரா, பில்லில் கையெழுத்துப் போட மட்டும் வருவாரா என்று அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள். முதல் மூன்று வருடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவதில் பாதி அவரிடமிருந்துதான்.